முதல் நாளே சொன்னது

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே மழை ஹட்டனில் குந்திக்கொண்டது. டாக்டர் நிரூபா காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது பஜாரின் தகரக் கூரைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. கடை வாசல்களில் விரித்திருந்த சாக்குகளில் சேற்றுக் காலைத் துடைத்துக்கொண்டு நின்றவர்கள், குடையோடு வந்தவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். பயிற்சி நடக்கிற மண்டபத்துக்குள் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, ஐந்தாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

குழந்தைகளுக்கு வந்து மாறாமல் நிற்கும் நெஞ்சு வருத்தங்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பார்ப்பது என்று மலைநாட்டுச் சின்ன ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களுக்கு அன்று ஒருநாள் பயிற்சி. கொழும்பிலிருந்து நிபுணர் டாக்டர் சந்திராணி வந்திருந்தார். நரைத்த முடியைக் கொண்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். இருபத்தெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தமிழ் டாக்டர் என்று நிரூபா ஒருத்திதான். வர வேண்டிய மற்றவர், கடமை மாற ஆள் கிடைக்காமல் நின்றுவிட்டார்.

நிரூபாவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். வெள்ளைக்கல் தோட்டத்துக்குக் கீழே, சந்தியில் இருக்கிற சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. விடிந்தால் நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் போக வேண்டும், பள்ளிக்கூடம் போகிறவர்கள் போக வேண்டும். எல்லாருக்கும் அவசரம், அவளுக்கும் அவசரம். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். கையும் பேனாவும் தாமாகவே ஓடப் பழகிவிட்டன. கெட்டிக்காரி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்று காலையிலும் நிபுணர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு அவள்தான் முதலில் பதில் சொன்னாள்.

தேநீர் இடைவேளை முடிந்ததும் டாக்டர் சந்திராணி சொன்னார்: “இனிப் படம் வேண்டாம். ஒரு பிள்ளையையே பாருங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். இரண்டரை வருஷமாக வீசிங் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் நாங்கள் குழாய் விட்டுப் பார்த்தபோது வலது சுவாசக் குழாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. பேனாவின் பின்பக்க மூடி. எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குக் கீழே இருந்த நுரையீரல் பழுதாகிவிட்டது. அது இனித் திரும்பாது.”

பக்கத்துக் கதவு திறந்தது. உள்ளே வந்தவர்களைப் பார்த்ததும் நிரூபா பேனாவைக் கீழே வைத்தாள்.

நிஷாந்தி. வெள்ளைக்கல் தோட்டம், கீழ் டிவிசன், கொழுந்து பறிக்கிறவள். நல்ல நாளுக்கு உடுத்துகிற பச்சைச் சேலையில் முழங்கால் வரை ஈரம். கையைப் பிடித்துக்கொண்டு மகள் சுலக்ஷனா. எட்டு வயது, ஆறு வயதுக்குரிய உடம்பு. ஆவணியில் நிரூபா நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போயிருந்த பத்து நாளில், மாற்றுக்கு வந்த ஒரு பொடியன் டாக்டர் அந்தப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று அவள் விசாரிக்கவில்லை. ஒரு நோயாளி குறைந்தது என்று இருந்துவிட்டாள்.

“தாய்க்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். தமிழ் தெரிந்தவர் யார்?” என்று நிபுணர் சபையைக் கேட்டார்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. எழுந்து போகாமல் இருக்க முடியவில்லை.

அவ்வளவு பெரிய மண்டபத்தில், அவ்வளவு கோட்டும் சட்டையுமாக இருந்த ஆட்களுக்கு நடுவில் தெரிந்த ஒரு முகத்தைக் கண்டதும் நிஷாந்தி மலர்ந்துபோனாள். “அட, நம்ம டாக்டரம்மா! நீங்களும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சுங்க. எனக்கு வெடவெடன்னு வருது.”

“தெரிந்தவர்களா?” என்று நிபுணர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“எங்கள் பக்கத்து ஆட்கள்” என்றாள் நிரூபா.

முதல் கேள்வி: இருமல் எப்போது, எப்படித் தொடங்கியது?

நிஷாந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். “ஒண்ணாங் கிளாஸ்ல சேத்த வருஷங்க. அவங்க அப்பா பேனாவ வாயில வச்சி கடிச்சிக்கிட்டே இருந்திச்சு. பின்னாடி சின்னதா ஒரு குண்டு மூடி இருக்குமே, அத. திடீர்னு பொர ஏறி, கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு. மூஞ்சியெல்லாம் நீலம். முதுகுல தட்டினேன். கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு. ஆனா மூடியக் காணோம். அன்னைக்கி கொழுந்துக்கும் போகாம தூக்கிக்கிட்டு ஓடியாந்து...” ஒரு கணம் நிரூபாவின் முகத்தைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “...டாக்டர்கிட்ட சொன்னேங்க. முழுங்கியிருந்தா வயித்தால போயிரும்னு சொன்னாங்க. மூணு நாளு வெளிய போனதக் கௌறி கௌறிப் பாத்தேன். வரல. மறுபடியும் வந்து சொன்னேங்க.”

எந்த டாக்டர் என்று அவள் சொல்லவில்லை. எதிரே நிற்கிறவள்தான் என்று கை நீட்டவில்லை. சபையில் ஒரு மனுஷியின் மானத்தைக் காப்பாற்ற அந்த ஒரு கணத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நிரூபாவுக்கும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. வரிசை வெளி வாசல் வரை நின்றது. “அதெல்லாம் தானாப் போகும். நெஞ்சில சத்தம் கேக்குது, வீசிங். புகை கூடாது. அடுப்பை வெளியில வையுங்கோ” என்று எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் வந்தபோது, “சொன்னதையே சொல்லிக்கொண்டு நிக்காதையுங்கோ, மருந்தை ஒழுங்காக் குடுங்கோ” என்று எல்லாருக்கும் முன்னால் ஏசியும் இருந்தாள். தாய் கொண்டுவந்த மருந்துக் கொப்பியில் மூடி என்ற சொல்லே ஏறவில்லை.

“என்ன சொல்கிறார்?” என்றார் நிபுணர்.

“ஒருமுறை புரை ஏறியதாம். அது பெரிதாக எடுக்கப்படவில்லையாம்” என்றாள் நிரூபா ஆங்கிலத்தில்.

“அதை டாக்டரிடம் சொன்னாரா? கேளுங்கள்.”

நிரூபா நிஷாந்தியின் பக்கம் திரும்பினாள். அவள் வாயிலிருந்து வந்த கேள்வி வேறு. “பிள்ளை இப்ப எப்பிடிச் சாப்பிடுறா?”

நிஷாந்தி சற்றுத் திகைத்தாள். “சாப்பாட்டுக்குக் கொறையில்லீங்க. நல்லா சாப்பிடுது.”

நிரூபா நிபுணரிடம் திரும்பினாள். “சொல்லவில்லையாம்.”

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னது தன் நாக்குத்தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. ஆனால் சொல் போய்விட்டது.

டாக்டர் சந்திராணி நிஷாந்தியின் தோளில் பரிவாகக் கை வைத்தார். சபையைப் பார்த்துச் சொன்னார்: “இதற்காகத்தான் இவர்களை அழைத்தேன். தாய் சொல்லமாட்டாள். பயமாக இருக்கலாம், தெரியாமல் இருக்கலாம். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்.” இருபத்தேழு பேனாக்களும் எழுதின. முன் வரிசையில் இருந்த இளம் பெண் டாக்டர் பக்கத்தில் இருந்தவளிடம், “அனே, அம்மா கிவ்வே நெஹெனே” என்றாள் இரங்கின குரலில். ஐயோ, அம்மா சொல்லவில்லையே.

நிஷாந்தி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு நிரூபாவைப் பார்த்தாள். நிரூபா தரையைப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்கள் என்று நிபுணர் சொல்லிக்கொண்டே இருந்தார். விரல் நுனிகளைப் பாருங்கள், மேளக்குச்சியின் முனை மாதிரி தடித்திருக்கின்றன, இது ஒரு நாளில் வருவதில்லை என்றார். கடைசியாக நிரூபாவும் வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் காற்று சுத்தமாகப் போய்வந்தது. வலது அடியில் ஈரத் தாளைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம், மூச்சுக்கு மூச்சு. இரண்டரை வருஷத்தில் இந்த முதுகில் எத்தனையோ தடவை குழாயை வைத்திருக்கிறாள், கம்பளிச் சட்டைக்கு மேலே. சுலக்ஷனா கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்த டாக்டரம்மா அல்லவா.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நிரூபா தட்டை எடுக்கவில்லை. பின்பக்க விறாந்தையில் சாரல் அடிக்காத மூலையாகப் பார்த்துத் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாயின் பார்சல் கட்டிய ரப்பர் பட்டியோடு மடியில் இருந்தது.

“சாப்பிடேல்லையா நிஷாந்தி?”

“நான் சொல்லலன்னா சொன்னீங்க, டாக்டரம்மா?”

நிரூபா திரும்பி மண்டபக் கதவைப் பார்த்தாள்.

“இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்க. ஆனா சிங்களம் காதுல விழுமே. பஜாருல சாமான் வாங்குறவதானே நானு.” குரல் உயரவே இல்லை. பிள்ளையின் பார்சலில் இருந்து மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே பேசினாள். “நாலு பேரு முன்னாடி உங்க பேரச் சொல்ல வேணாமுன்னுதான் நான் பொதுவா டாக்டர்னு சொன்னேன். நீங்க என்னையவே புடிச்சி உள்ள தள்ளிட்டீங்க.”

“அது... அந்த நேரம் எனக்கு... நான் பயந்திட்டன் நிஷாந்தி.”

“நாங்களும்தாங்க பயந்தோம். அடுப்ப வெளிய வைன்னீங்க. காம்பராவுக்குப் பின்னாடி ரெண்டு தகரத்தச் சாச்சி, மழையிலயும் பனியிலயும் அங்கயேதான் ரெண்டு வருஷமா பொங்குறேன். சுருட்டுப் பொக ஆகாதுன்னீங்க. எங்க மாமாவ கொட்டகலையில நாத்தனா வீட்டுக்கு அனுப்பிச்சோம். பேத்திய விட்டுட்டுப் போறப்ப மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. இப்பக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு. அன்னைக்கி ஆகாதவன் இன்னைக்கி மட்டும் ஆவேனாங்கிறாரு.”

“புகை கூடாது எண்டது உண்மைதான்...” என்று தொடங்கிய நிரூபா, தன் குரல் தனக்கே அருவருப்பாகி நிறுத்திக்கொண்டாள்.

“உண்மையா இருக்கட்டுங்க. நீங்க சொன்னத எல்லாம் நான் கேட்டேன். நான் சொன்ன ஒண்ண நீங்க கேக்கல.” நிஷாந்தி மூச்சு விட்டாள். “அதுகூடப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு கொழும்புல கடையில வேல செய்றவரு, இப்ப லீவுல வந்து நிக்கிறாரு. உங்க ஆஸ்பத்திரிக் கொப்பிய பெரட்டிப் பாத்தாரு. எங்கடி இதுல மூடியப் பத்தி எழுதியிருக்கு, நீ சொல்லியிருந்தா எழுதாமலா இருந்திருப்பாங்க, படிச்சவங்களாச்சேங்கிறாரு. லயம் பூரா அதே பேச்சுதான். பெத்தவ வாயத் தொறக்காம புள்ள நெஞ்ச அழுக விட்டுட்டாளாம். பீலிக்கரையில தண்ணி புடிக்கப் போனா பேச்சு நின்னுபோவுது.”

உள்ளே தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன. மன்னிப்புக் கேட்கக் கூட அந்த இடம் லாயக்கில்லை என்று நிரூபாவுக்குத் தோன்றியது. தாயும் மகளும் இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். பிரிக்காத பார்சலை நிஷாந்தி பையில் வைத்துக்கொண்டாள்.

பின்னேர வகுப்பில் ஒரு சொல்லும் நிரூபாவுக்கு ஏறவில்லை. முடிவில் நிபுணர், “யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்று கேட்டார். நிரூபா கையைத் தூக்கினாள். முழங்கை அளவுக்குத் தூக்கினாள். டாக்டர் சந்திராணி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஆ, டாக்டர் நிரூபா! மறந்தே போனேன். நீங்கள் இல்லாவிட்டால் இன்று அந்தத் தாயின் கதை நமக்குக் கிடைத்திருக்காது. எல்லாரும் இவருக்கு நன்றி சொல்லுங்கள்.” மண்டபம் முழுக்கக் கைதட்டியது. தூக்கிய கை கீழே வந்தது. அவள் தலையை ஆட்டி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள். வரிசை அதே வரிசை. ஒவ்வொரு தாய் வாயைத் திறக்கும்போதும் அவளுக்குப் பேனா தடுக்கியது. “வேற என்ன? வேற ஏதும் சொல்ல இருக்கோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரிசை நகராமல் மருந்தாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் எடுத்தபோது நிரூபா இதைச் சொல்லவில்லை. மகள் டொக்டர் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ பிடித்துக் கீழ் டிவிசனுக்குப் போனாள். நாலு வருஷத்தில் அவள் தோட்ட ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் காலெடுத்து வைப்பது அதுதான் முதல். மழை விட்டிருந்தது. மலை முழுக்கக் கழுவிவிட்ட பச்சை. ஞாயிறு என்பதால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்குகளும் கம்பளிகளும் வேலியெல்லாம் காய்ந்தன. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று, “டாக்டரம்மா வந்திருக்காங்க” என்று ஒருத்திக்கு ஒருத்தி சொன்னது அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலாவது காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுலக்ஷனாவைத் தலை தாழக் குப்புறப் போட்டு, உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து வலது விலாவில் தட்டிக்கொண்டிருந்தான். டொப், டொப், டொப் என்று நிதானமாக. சளி கழல்வதற்காகக் கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த வேலை. காலையும் மாலையும் இருபது நிமிஷம், ஆயுசு முழுக்க. பிள்ளை இருமி, மஞ்சளும் பச்சையுமாகச் சளியைப் பால்மா டின்னில் துப்பினாள். பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். பிரதாபன், நிஷாந்தியின் புருஷன்.

“ஐயையோ, வாங்கம்மா, வாங்க! அடியேய், நாற்காலியக் கொண்டா.”

நாற்காலி வந்தது. அதைத் துண்டால் துடைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாடிக் கிளாஸ் வாங்கித் தேத்தண்ணி போட்டார்கள். பின்பக்கம் தகரத்தடியில் அடுப்பு எரிந்தது. நிஷாந்தி அங்கேயே குனிந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகின் புகை அவளைச் சுற்றி நின்றது. கூப்பிடாமல் அவள் வரவில்லை.

“நிஷாந்தியையும் கூப்பிடுங்கோ” என்றாள் நிரூபா. “உங்க ரெண்டு பேருக்கும் முன்னால ஒண்டு சொல்லோணும்.”

நிஷாந்தி மாவுக் கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

“உங்கட மனுசி முதல் நாளே என்னட்டச் சொன்னவ. மூடியைக் காணேல்லை எண்டு சொன்னவ. மூண்டு நாள் கழிச்சும் வந்து சொன்னவ. நான்தான் காது குடுக்கேல்லை. எழுதேல்லை. பிழை அவவில இல்லை, என்னில.”

பிரதாபன் மனைவியை ஒரு தரம் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பினான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு, அதில் வந்த மரியாதையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“உங்களுக்குப் பெரிய மனசும்மா. ஹட்டனுக்குப் போயிட்டு வந்த நாளுலேருந்து இவ அழுதுக்கிட்டே இருக்கா. அதக் கேள்விப்பட்டுத்தானே வந்திருக்கீங்க? லயத்துல இவளப் பேசுறாங்கன்னு, பழிய நீங்க தூக்கிப் போட்டுக்கிறீங்க. எங்களுக்கெல்லாம் வெளங்கும்மா. படிச்சவங்க இப்பிடி எறங்கி வாறதே பெருசு. குடிங்கம்மா, ஆறிப்போவுது.”

“இல்லை, நான் உண்மையாத்தான் சொல்றன்.”

“சரிங்கம்மா, சரிங்க. நான் இனி இவளத் திட்டமாட்டேன்.”

தேநீர்க் கிளாஸ் நிரூபாவின் கையில் சுட்டது. ஒரு பொய்யை நாலு பேருக்கு முன்னால் ஒரே சொல்லில் நம்ப வைத்தவளுக்கு, இப்போது உண்மையை ஒரு ஆளிடம் நம்ப வைக்க முடியவில்லை. அவள் சொல்லும் ஒவ்வொன்றும் அவளுடைய நல்ல குணமாகவே போய்ச் சேர்ந்தது. அதைவிட அவன் அவளை ஏசியிருக்கலாம்.

“எழுதிக் குடுங்க” என்றாள் நிஷாந்தி.

பிரதாபன் அவளை அதட்டினான். “ஏய், வீடு தேடி வந்தவங்ககிட்ட என்ன பேச்சுடி இது?”

அவள் அவனைப் பார்க்கவில்லை. “கொப்பியில எழுதலன்னுதானே நான் சொல்லலன்னு ஆச்சு? அப்ப எழுதினாத்தான் நான் சொன்னதா ஆகும். எழுதிக் குடுங்க டாக்டரம்மா. உங்க பேரப் போட்டு, தேதி போட்டு. தமிழ்லயே எழுதுங்க. எல்லாருக்கும் வெளங்கணும்.”

நிரூபா கிளாஸைக் கீழே வைத்தாள். சுலக்ஷனா ஓடிப்போய்ப் பள்ளிக்கூடக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள். கைப்பையை முழங்காலில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து நிரூபா எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் ஒரு ஆளை முடித்து அனுப்புகிற கைக்கு ஆறு வரி எழுதக் கால் மணி நேரம் பிடித்தது. ‘எனக்கு நினைவில்லை’ என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது, அதை அடித்தாள். ‘வேலைப்பளு காரணமாக’ என்று இன்னொன்று வந்தது, அதையும் அடித்தாள். கையெழுத்துப் போட்டு, பதிவு இலக்கமும் போட்டாள். இதையே டாக்டர் சந்திராணிக்கும் எழுதுவேன் என்று வாயால் சொன்னாள். மறுநாள் எழுதவும் செய்தாள். அதனால் அவளுக்கு வந்த விசாரணையும் தலைகுனிவும் வேறு கதை.

பிரதாபன் தாளை வாங்கினான். நாலு காம்பரா தள்ளி ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவன் எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி மெல்ல வாசித்தான்.

“சுலக்ஷனாவின் தாய் நிஷாந்தி, பிள்ளைக்குப் புரை ஏறிய அன்றே பேனா மூடியைக் காணவில்லை என்று என்னிடம் சொன்னார். மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்து சொன்னார். நான் அதைக் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை. அவரை எல்லாருக்கும் முன்னால் ஏசி அனுப்பினேன். பிறகு ஹட்டனில் பெரிய டாக்டர் கேட்டபோது, அவர் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன்...”

அங்கே அவன் குரல் நின்றது. மீதியைக் கண்ணால் வாசித்தான். நிமிர்ந்து நிரூபாவைப் பார்த்தான். வந்ததிலிருந்து அவன் முகத்தில் இருந்த அந்த மரியாதை போய்விட்டிருந்தது. அவன் கை கூப்பவில்லை. மனைவியின் பக்கம் திரும்பவும் அவனுக்கு முடியவில்லை. மடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

நிரூபா எழுந்தாள். “நான் வாறன்” என்றாள். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை.

“கொஞ்சம் நில்லுங்க டாக்டரம்மா” என்றாள் நிஷாந்தி. மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். இஸ்தோப்பின் ஓரத்துக்கு வந்து லயத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். பீலியில் இருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

“மொதல்லேருந்து வாசிங்க” என்றாள் புருஷனிடம். “சத்தமா வாசிங்க. பீலிக்குக் கேக்கல.”

பிரதாபன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினான். நிரூபா படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, வாசித்து முடியும் வரை அங்கேயே நின்றாள்.